வண்ணக்கர் கண்: காசுக் குவியலும் தென்பாண்டி வரலாறும்

சங்கப் புலவர்களின் பெயர் வரிசையில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. வண்ணக்கன் என்பவன் காசை ஆராய்ந்து, இது நல்லது, இது தீயது எனத் தேர்ந்து கூறுபவன். மாற்றும் எடையும் அறிந்த அக்கண்ணே யாப்பும் அணியும் அறிந்த கண்ணாகவும் இருந்திருக்கிறது. கவிதைக்கும் காசுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்கு இப்பெயர்களே விடையாகும்.

ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும் பல நூறு காசுகளைக் கொட்டிப் பரப்பி, அவற்றுள் வேறுபட்ட ஒன்றைத் தேடி எடுக்கும் பழக்கம் இன்று பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளது. ஆண்டு, அச்சுக்குறி, எழுத்தின் வடிவு, புள்ளியின் இடம் ஆகியவற்றில் காணும் சிறு மாற்றமே அவர்கள் நாடும் செல்வம். இப்பழக்கத்தைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்குவாரும் உளர். ஆயின், தென்பாண்டி நாட்டின் காசு வரலாறு பெரிதும் இவ்வாறு குவியலைக் கிளறியவர்களாலேயே கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

அக்கசாலையும் அச்சும்

காசு அடிக்கும் இடத்தை அக்கசாலை என்றனர் முன்னோர். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கையை அடுத்து அக்கசாலை என்னும் பெயருடைய ஊர் இன்றும் உள்ளது. கால்டுவெல் கொற்கையில் ஆய்வு செய்தபோது இப்பெயரின் பொருளைக் கருத்திற்கொண்டு, அங்கே பாண்டியர் காசு அடித்திருத்தல் கூடும் எனக் கருதினார்.

பழங்காலக் காசு இயந்திரத்தில் பிறந்ததன்று. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, இடையில் உலோக வில்லை. மேலச்சின் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் இருபுறமும் உருவம் பதியும். அச்சு தேய்ந்தால் புதிது வெட்டுவர். வெட்டுபவன் கை மாறினால் எழுத்தும் மாறும்; மீனின் வால் நீளும்; பிறை இடம் பெயரும். இதனாலேயே ஒரே மன்னன் பெயரில் வந்த காசுகளிலும் பல வகைகள் காணப்படுகின்றன.

மற்றொன்றும் உண்டு. பெரும்பாலான செப்புக் காசுகளில் வில்லை சிறியது, அச்சு பெரியது. எனவே மன்னன் பெயர் முழுமையாகப் பதிவதில்லை. ஒன்றில் பெயரின் தலை இருக்கும், வால் இராது. மற்றொன்றில் வால் இருக்கும், தலை இராது. அடி சற்று விலகினால் நடுவெழுத்து மட்டுமே எஞ்சும். ஆகவே, ஒரு காசை வைத்துக்கொண்டு ஒரு பெயரைப் படிப்பது அரிது. பத்துக் காசுகளை அடுத்தடுத்து வைத்து, ஒன்றில் இல்லாததை மற்றொன்றால் நிரப்பியே முழுப்பெயர் பெற இயலும்.

இம்முறை தமிழறிஞர்க்குப் புதிதன்று. செல்லரித்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, ஒன்றில் சிதைந்த சீரை மற்றொன்றால் மீட்டுத் தந்தவர் உ.வே. சாமிநாதையர். ஏட்டில் பாடபேதம் எதுவோ, காசில் அச்சுவேறுபாடு அது. ஓர் ஏட்டால் பதிப்பு அமையாதது போல, ஒரு காசால் வரலாறு அமையாது.

செப்புக் குவியலைக் கிளறியோர்

சுந்தரபாண்டியன், கோதண்டராமன், சமரகோலாகலன், புவனேகவீரன், எல்லாந்தலையானான், சோணாடு கொண்டான் முதலிய பெயர்களும் பட்டப்பெயர்களும் பொறித்த செப்புக் காசுகள் பாண்டி நாட்டில் கிடைத்துள்ளன. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவும், மறுபக்கம் மீனோ எழுத்தோ கொண்டவை இவற்றுள் பல. நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட இராசராசன் காசின் சாயல் அவற்றில் தெரிகிறது. இப்பட்டங்களுள் சில எம்மன்னர்க்கு உரியவை என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இக்காசுகளை முதலில் முறையாகத் தொகுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அயல்நாட்டார் சிலர். வால்டர் எலியட் பார்வை மங்கிய முதுமையில் தென்னிந்தியக் காசுகள் குறித்த நூலை 1886 இல் வெளியிட்டார். வேலூரில் பணியாற்றிய டேனிய நாட்டுப் பாதிரியார் லோவந்தால், திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே 1888 இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். தென்காசியும் குற்றாலமும் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. தென்காசி தனி மாவட்டமானது 2019 இல்தான். ஒரு மாவட்டத்தின் காசுகளே ஒரு நூலுக்குப் போதிய பொருளாயின என்பது இப்பகுதிக்குப் பெருமை தருவது. அடுத்த ஆண்டில் டஃப்நெல் என்னும் படை அதிகாரி, தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கு வழிகாட்டும் நூலொன்றை எழுதினார். பின்னர், 1933 இல் தேசிகாச்சாரியாரின் நூல் வந்தது.

இவர்களுக்கு முன்னும் பின்னும், பழஞ்செம்பு பாத்திரக்காரரின் உலைக்களத்துக்கே சென்றுகொண்டிருந்தது. செல்லாக் காசுக்குச் செம்பின் எடையே விலை. உழவன் கொழுமுனையில் தட்டுப்பட்ட காசு குடமாகவும் குத்துவிளக்காகவும் உருமாறிற்று. உலைக்கு முந்திக்கொண்ட கைகளில் சிக்கியவை மட்டுமே இன்று நூல்களில் உள்ளன.

பெருவழுதி

இவ்வகைத் தேடலின் சிறந்த பயன் ஒரு நூற்றாண்டு கழித்து விளைந்தது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களின் நடுவில், மதுரையில் விலைக்குப் பெற்ற பழங்காசுகளைத் தூய்மை செய்து ஆராய்ந்தபோது, சதுரமான செப்புக் காசு ஒன்றில் குதிரையின் உருவத்துக்கு மேல் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கண்டார். பெருவழுதி என்பது அதன் வாசகம். மறுபக்கத்தில் கோடுகளால் அமைந்த மீன். அதுகாறும் சங்கப் பாண்டியர் காசுகளில் மன்னன் பெயர் கண்டறியப்படவில்லை. பாட்டில் வாழ்ந்த பெயர் செம்பில் எழுந்து நின்றது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் மாக்கோதை, கொல்லிப்புறை என்னும் சேரர் பெயர்களும் பின்னர் படிக்கப்பெற்றன. இவற்றையெல்லாம் தொகுத்து 1997 இல் அவர் சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 2021 இல் அவர் மறைந்தார்.

அக்காசு அழுக்குப் படிந்த பிற காசுகளோடு ஒன்றாகவே கிடந்தது. அதனை வேறாக்கியது பொறுமையுள்ள ஒரு கண் மட்டுமே.

இரு நாணயம் சந்தித்த எல்லை

தென்காசிப் பகுதிக்குக் காசு வரலாற்றில் மற்றொரு சிறப்பும் உண்டு. பராக்கிரம பாண்டியன் 1446 இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கி, தன் வேண்டுகோளைத் தமிழ்ப் பாட்டாகவே கல்லில் வெட்டுவித்தான். அவன் வழிவந்த அதிவீரராமன் காலத்திலும் புலமை அங்கே அரசு வீற்றிருந்தது. பின்வந்த ஆங்கிலேயர் ஆட்சியில் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் அமைய, அணித்தே உள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. சில கல் தொலைவில் நாணயமே மாறிற்று.

கிழக்கே ரூபாய், அணா, பைசா. மேற்கே பணம், சக்கரம், காசு. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலால் எண்ணி முடியாது. எனவே குழிகள் நிரை நிரையாக அமைந்த சக்கரப் பலகையில் ஒரு பிடிக் காசைக் கொட்டி அசைப்பர். குழிக்கொரு காசு அமர்ந்ததும் மிகுந்ததை வழித்தெறிவர். குழிகளின் தொகையே காசின் தொகை. குவியலைக் கையாளும் கலைக்கு இதனினும் நேர்த்தியான கருவி வேண்டுவதில்லை.

1956 நவம்பர் முதல் நாள் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதும் பதின்மக் காசு முறை வந்தது. ஐந்து மாத இடைவெளியில் எல்லையும் எண்ணும் மாறின. அம்மாற்றத்தின் எச்சங்களாகச் சங்கு பொறித்த திருவிதாங்கூர்க் காசும் ஓட்டைக் காலணாவும் இப்பகுதியின் பழைய பெட்டகங்களில் ஒருங்கே கிடத்தல் வியப்பன்று.

இன்றைய தேடல்

இயந்திரக் காசிலும் வேறுபாடு உண்டு. 1911 ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆடையில் இருந்த யானை, துதிக்கை குறுகியதால் பன்றி போலத் தோன்றிற்று. எதிர்ப்பு எழவே அக்காசு திரும்பப் பெறப்பட்டு, 1912 இல் யானை திருத்தப்பட்டது. எஞ்சிய 1911 காசுகள் இன்று அருமையானவை.

விடுதலைக்குப் பிந்திய காசுகளில் ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியே பிறப்பிடம் உரைக்கும். மும்பைக்கு வைர வடிவு, ஐதராபாத்துக்கு விண்மீன், 1988 இல் தொடங்கிய நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. உள்நாட்டு அக்கசாலைகள் தேவையை நிறைவேற்ற இயலாத 1985 இல் வெளிநாடுகளிலும் காசு அடிக்கப்பட்டது. பர்மிங்காமில் அடித்த ரூபாய் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தைத் தாங்கியுள்ளது. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்தவையும் 2011 ஜூன் 30 உடன் செலாவணியிலிருந்து நீக்கப்பட்டன. செல்லாமற்போன நாள்முதல் அவற்றுக்கும் பழஞ்செம்பின் விதியே வாய்த்தது.

இத்துறையில் பொய்யும் புகுந்துள்ளது. பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் பணம் தருவதாகக் கூறிக் கட்டணம் பறிப்போர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் பயன்படுத்துவதாக அவ்வங்கியே 2021 இல் பொதுமக்களை எச்சரித்தது. அருமை என்பது வேறு, ஆசை என்பது வேறு. போலியை விலக்குதல் வண்ணக்கரின் முதற் கடமை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954 இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாடல்களுள் செருகுகவி எனத் தாம் கருதியவற்றை விலக்கித் தேர்ந்தெடுத்தார். அவர் தேர்வோடு மாறுபடுவோரும், தேர்ந்து பார்க்கும் துணிவு வேண்டும் என்பதில் மாறுபடார்.

எடுத்ததும் விடுத்ததும்

எனினும் தேடுவோரின் கண் காப்பாற்றியதைக் கூறி, அக்கண் இழக்கச் செய்ததைக் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. குவியலிலிருந்து அழகிய ஒன்றை எடுத்துத் தேய்ந்த நூற்றை உலைக்குத் தள்ளும்போது, அந்நூற்றில் சிதறிக் கிடந்த எழுத்துகளும் உருகிவிடுகின்றன. காசு எந்த ஊரில், எந்த மண்ணில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி வணிகன் கைக்கு வரும் முன்பே அழிந்துவிடுகிறது. ஊர் தெரியாத காசு, தலைப்பும் ஆசிரியர் பெயரும் இழந்த ஏட்டை ஒக்கும். படிக்கலாம், இடம் சுட்ட இயலாது. மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை ஆட்சியரிடம் தெரிவித்தல் வேண்டும் என்று 1878 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அச்சட்டத்தை அறிந்தோர் சிலர். அஞ்சி மறைப்போர் பலர்.

ஆகவே, தேடுவோர் செய்யத்தக்கது எளியது. கிடைத்த ஊரைக் குறித்தல், எடையும் அளவும் எழுதுதல், தேய்ந்ததையும் படம் எடுத்த பின்னரே விலக்குதல் ஆகிய மூன்றும் போதும். கல்வெட்டில் பாட்டாகப் பேசிய பாண்டியர் செம்பில் இரண்டொரு சொல்லே பேசினர். அச்சொல்லும் பல காசுகளில் பகுதி பகுதியாகச் சிதறிக் கிடக்கிறது. நல்லதொரு காசை நாடித் தேய்ந்ததை எறிபவர், சீர் கெட்டது எனக் கருதி ஏட்டையே எறிபவர் ஆவார். பழைய வண்ணக்கர்கள் பாட்டும் எழுதினர்; ஆதலின் இரண்டின் அருமையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.