ஆழமில்லாக் கடலும் போட் மெயிலும்

ஒரு காலத்தில் சென்னை எழும்பூர் நிலையத்தில் கொழும்புக் கோட்டைக்கு நேராகப் பயணச்சீட்டு வாங்க முடிந்தது. நடுவில் கடல் இருக்கிறதே என்கிறீர்களா? அந்தக் கடலுக்கும் சேர்த்துத்தான் சீட்டு! இரயில் தனுஷ்கோடித் துறை வரை செல்லும். பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். தலைமன்னாரில் கரையேறினால் இலங்கை இரயில் காத்திருக்கும். மக்கள் இதற்கு இட்ட பெயர் ‘போட் மெயில்’. 1914 முதல் 1964 வரை இந்த வழி நடைபெற்றது.

இந்த வழியை அமைத்தவர்கள் என்று ஆங்கில அதிகாரிகள் சிலரின் பெயர்களைச் சொல்வதுண்டு. இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு காரணம்தான் முன்னே தெரிகிறது. அங்கே கடலுக்கு ஆழமில்லை. வழி அமைந்த விதத்துக்கும், பின்னர் அது அழிந்ததற்கும் இந்த ஆழமின்மையே பெரும் காரணம்.

தனுஷ்கோடி முனைக்கும் மன்னார்த் தீவுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் திட்டுகள் தொடர்கின்றன. பல இடங்களில் நீரின் ஆழம் 1 முதல் 3 மீட்டர்தான். கொழும்பிலிருந்து கல்கத்தா செல்லும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போவது இதனால்தான். இங்கே தோணியும் படகும் தவிர வேறொன்றும் எளிதில் செல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் அப்படிப்பட்ட படகுகளில்தான் கடந்தார்கள். மறுகரையில் அவர்களுக்கு வண்டி ஏதும் இல்லை. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே பல நாள் நடை. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். வசதியுள்ளவர்கள் தூத்துக்குடி வழியாகச் சென்றார்கள். 1876-இல் அங்கே இரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கும் கரையோரம் ஆழமில்லை; கப்பல் வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகில் போய் ஏறவேண்டும். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கப்பல் விட்டது இந்தத் தூத்துக்குடி–கொழும்புப் பாதையில்தான்.

மணல் திட்டுகளின் மேலேயே பாலம் அமைத்து இரயிலை இலங்கைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. அது கைவிடப்பட்டது. பாம்பனில் மட்டும் பாலம், அதற்கப்பால் கப்பல் என்று முடிவாயிற்று. 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், கண்கள் 145. நடுவே கப்பல்களுக்கு வழிவிடத் தூக்குப் பாலம். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சர் கண்ட முறையில் அமைந்தது அது.

இந்தத் தூக்குப் பாலத்தில் சற்று நிற்போம். பல டன் எடையுள்ள இரும்புப் பாலத்தை மனிதர்கள் கையால் நெம்புகோலைச் சுற்றித் தூக்கினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தரையில் உருட்டிப் பாருங்கள். அதன் ஈர்ப்பு மையம் நடுவில் இருப்பதால், உருளும்போது அது மேலேறுவதும் இல்லை, கீழிறங்குவதும் இல்லை, கிடையாகவே நகர்கிறது. ஆகவே ஈர்ப்பு விசைக்கு எதிராக நாம் வேலை செய்வதில்லை. ஷெர்சர் பாலத்தின் அடிப்பகுதியும் சக்கரத்தின் ஒரு துண்டைப் போல வளைந்தது. பின்புறம் எதிர் எடையை வைத்து, பாலத்தின் ஈர்ப்பு மையம் அந்த வளைவின் மையத்துக்கே வரும்படி செய்துவிடுகிறார்கள். பாலம் பின்னோக்கி உருண்டு எழும். உராய்வையும் காற்றையும் சமாளித்தால் போதும்!

தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். முதலில் ஓடிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கோ கப்பலுக்கு முன்னால் இன்னொரு நிறுத்தம் இருந்தது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாமில் பல நாள் தங்கி, ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் பயணம். அந்த முகாமின் பெயரில் வழங்கிய மண்டபம் கேம்ப்பில்தான் 1949 முதல் 1971 வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இருந்தது.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கவேண்டும். பாட்டன் போன வழியே பேரன் திரும்பவேண்டும் என்றாயிற்று. இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவையொட்டித் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது.

புயலில் கடல் ஏன் உயர்கிறது? காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். அழுத்தம் 50 மில்லிபார் குறைந்தாலும் உயர்வு அரை மீட்டர்தான். ஊரை விழுங்க அது போதாது. மீதியைச் செய்வது காற்று. மேல்நீரைக் காற்று கரைநோக்கித் தள்ளும்போது, ஆழ்கடலாயின் தள்ளிய நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லை, நீர் குவிகிறது. மற்றவை மாறாதிருந்தால், ஆழம் பாதியாகும்போது நீர்மட்டத்தின் சரிவு இரு மடங்காகும். தனுஷ்கோடிக்கு வடக்கே உள்ளது அத்தகைய கடல். அலைகள் 7 மீட்டர் வரை எழுந்ததாகக் கூறப்படுகிறது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுடன் நீரில் மூழ்கியது. எவரும் மிஞ்சவில்லை.

ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் பாம்பன் பாலம் 46 நாளில் சீராயிற்று. தனுஷ்கோடி மட்டும் மீளவில்லை. கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. ‘இராமானுஜம்’ என்ற கப்பலில் தாயகம் திரும்பியோர் வந்திறங்கினார்கள். மண்டபம் முகாம் அவர்களுக்கு இடைத் தங்கலாயிற்று. இலங்கையில் போர் மூண்டபின் 1984-இல் கப்பலும் நின்றது. அதன் பிறகு அகதிகள் மீன்பிடி படகுகளில் வந்தார்கள். படகோட்டிகள் சிலர் அவர்களை மணல் திட்டுகளிலேயே இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. முழங்கால் நீரில் குழந்தைகளுடன் நின்றவர்களுக்கு அந்த ஆழமின்மையே உயிர் தந்தது. கரை மட்டும் இன்னும் தொலைவில் இருந்தது.

தனுஷ்கோடிக்குச் செல்ல விரும்பிய யாத்திரிகர்கள் 2017 வரை வேனில்தான் போனார்கள். சாலை கிடையாது, ஈர மணலிலும் தேங்கிய நீரிலும் குலுங்கிக் குலுங்கி ஓட்டம். ஓட்டுநர் உலர்ந்த மணலை விட்டு, நீர்க்கரையை ஒட்டியே வண்டியைச் செலுத்துவார். ஈர மணலில் துகள்களுக்கிடையே உள்ள நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதால் சக்கரம் அதிகம் புதையாது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் அந்த வேன்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

தலைமன்னாருக்கு 2015-இல் மீண்டும் இரயில் வந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஷெர்சர் பாலம்போல் உருளாமல், இதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும். பயணிகள் கப்பலோ வேறு இடத்தில் பிறந்தது: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, சில நாளில் மழைக்காலத்தை முன்னிட்டு நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. தொலைவு சுமார் 110 கிலோமீட்டர். பழைய வழியைப்போல் மூன்று மடங்கு. ஆனால் அந்தப் பாதையில் மணல் திட்டுகள் குறுக்கிடுவதில்லை.