பெற்றோரைக் கேட்பதா, பிள்ளையைக் கேட்பதா?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் வதைக்கப்படும் அபாயம் எவ்வளவு என்று ஆராயப் புறப்படுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கேள்வித்தாளை யார் கையில் கொடுப்பது என்பதைத்தான். ஆய்வுலகில் பரவலாகப் புழங்கும் இரு கருவிகள் இதற்கு எதிரெதிரான விடை தருகின்றன.

ஒன்று, அமெரிக்க உளவியலாளர் ஜோயல் மில்னர் உருவாக்கிய ‘சைல்ட் அப்யூஸ் பொட்டென்ஷியல் இன்வென்டரி’. சுருக்கமாக ‘கேப்’. மொத்தம் 160 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று பெற்றோர் குறிக்க வேண்டும். உடல் வதைக்கான அபாயத்தை அளப்பவை அவற்றில் 77. தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள முயல்கிறவரைக் கண்டுபிடிக்கத் தனி அளவையும் உண்டு. மனவேதனை, வளைந்துகொடுக்காத கண்டிப்பு, மகிழ்ச்சியின்மை, குடும்பச் சிக்கல், பிறரால் வரும் தொல்லை ஆகியவற்றைக் கூட்டி, இவர் அடிக்கக்கூடியவரா என்று கணிக்கிறது.

மற்றது, குழந்தை வதைத் தடுப்புக்கான சர்வதேசச் சங்கம் உருவாக்கிய ‘ஐகாஸ்ட்’. அதன் சிறுவர் வடிவம் கொலம்பியா, இந்தியா, ரஷ்யா, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் சோதிக்கப்பட்டு 2009இல் வெளியானது. கடந்த ஓராண்டில் உனக்கு இது நடந்ததா, எத்தனை முறை என்று வளரிளம் பிள்ளைகளிடமே கேட்கிறது. காதைத் திருகுவது, கிள்ளுவது, வாயில் மிளகாய் வைப்பது என்று செயல்களைப் பெயர் சொல்லிக் கேட்பதே ஐகாஸ்டின் பலம். “கண்டிப்புதானே” என்று பெரியவர்கள் தள்ளிவிடுபவைகூட இங்கே கணக்கில் வருகின்றன.

தோட்டத்துக்குக் கேப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்களோடு, இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் அங்கே உழைக்கிறார்கள். ஊர் உறவை விட்டு வந்து, கடனோடு வாழ்கிறவருக்குத் தனிமையும் கவலையும் இல்லாமல் இருக்குமா? வறுமையின் அடையாளங்களையே வதையின் அடையாளங்களாக எண்ணிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது.

கணக்காகவும் பார்க்கலாம். ஆயிரம் பெற்றோரில் 50 பேர் உண்மையிலேயே பிள்ளையை வதைப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி அவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடித்து, மற்றவர்களில் 10 விழுக்காட்டினரைத் தவறாகச் சுட்டினால், அகப்படும் 135 பேரில் 95 பேர் குற்றமற்றவர்கள். தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டுண்டது. அந்தப் பட்டியல் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பம் கூரையையே இழக்கக்கூடும்.

அதே வீடுதான் பிள்ளையின் வாயையும் அடைக்கிறது. அப்பாவைப் போலீஸ் கொண்டுபோனால் எங்கே தங்குவது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாமல் பேசவும் முடியாது. ஆகவே ஐகாஸ்டை லயத்துக்கு எடுத்துச் செல்லாமல் பள்ளியில், பெயர் எழுதாத தாளில் நடத்துவதே முறை. அப்போதும் பள்ளியில் சேர முடியாத, ஆவணமற்ற தொழிலாளர்களின் பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள்.

இன்னொரு குறை கடுமையானது. மலேசியாவில் 1991ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குத் தூண்டுதலாக இருந்தது, முந்தைய ஆண்டு வதைக்குப் பலியான இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் மரணம். அந்த வயதுப் பிள்ளையிடம் எந்தத் தாளையும் நீட்ட முடியாது. அங்கே ஐகாஸ்டின் பெற்றோர் வடிவமோ, கேப்போதான் கைகொடுக்கும். கேப்பை நான் முற்றாக ஒதுக்காததற்குக் காரணம் இதுதான். தாய்சேய் கிளினிக்கில் தாதி ஒருவர், எந்தத் தாய்க்குத் துணை தேவை என்று அறிய மட்டும் அதைப் பயன்படுத்தலாம். தாள் கிளினிக்கை விட்டு வெளியே போகக்கூடாது.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி மருத்துவர், குடும்ப உறுப்பினர், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோர் வதையைச் சந்தேகித்தால் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் பெயரில்லாத் தாளில் “ஆம்” என்று எழுதிய பிள்ளை யாரென்று ஆய்வாளருக்குத் தெரியாது. அதனால் தாளோடு சேர்த்து ‘தாலியான் காசே’ உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக் கொடுத்து, தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரை அன்று பள்ளியிலேயே இருக்கச் செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத ஆய்வுக்குத் தலைமையாசிரியர் அனுமதி மறுப்பதே நியாயம்.