பெக்கோ குடிக்கிற டீசல்: ஒரு சின்ன வரலாறு

2022 ஜூன் மாதக் கடைசி. எங்கட ஒழுங்கை முகப்பில் வாய்க்கால் வெட்ட வந்த பெக்கோ ஒன்று பாதிக் கிடங்கோடு நின்றுவிட்டது. பழுது ஒண்டும் இல்லை. டீசல் இல்லை, அவ்வளவுதான். அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்த நாட்கள் அவை. சின்னப் பெடியள் அதில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா சொன்னார்: "இவ்வளவு இரும்பும் எண்ணெய் இல்லாட்டிச் சும்மா பாரம்தான் தம்பி."

அந்த வசனம் மனசில் நின்றுவிட்டது. காலநிலை மாற்றம் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் கார், மோட்டார் சைக்கிள், விமானம் பற்றித்தான் கதைக்கிறோம். றோட்டுப் போடுற, குளம் கட்டுற, கல் உடைக்கிற கனரக இயந்திரங்களின் புகையை யாரும் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. மண் வெட்டுகிற வேலை எப்படிக் கப்பலில் வருகிற ஒரு எண்ணெய்க்கு இவ்வளவு அடிமைப்பட்டது? அதிலிருந்து வெளியே வர யாராவது முயன்றிருக்கிறார்களா? தேடிப் பார்த்தபோது கிடைத்த கதை இது.

கதை கரியில் தொடங்குகிறது. அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் என்ற இளைஞர், நீராவியால் மண் அள்ளுகிற இயந்திரத்துக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதே வருடம் இறந்தும் போனார், வயது 26. அவர் தொடக்கிவைத்த இயந்திரம் தன் முழுப் பலத்தையும் காட்டியது பனாமாக் கால்வாயில்தான். 1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் அங்கே வெட்டியபோது நூறு நீராவி இயந்திரங்கள் வரை இறக்கினார்கள். 1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதில் ஒன்றின் இருக்கையில் ஏறி இருந்து எடுத்த படம் இன்றும் பிரபலம். உள்ளே கொதிகலனுக்குக் கரி போட்டவரைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அந்த இயந்திரத்துக்குத் தண்டவாளம் வேணும், தண்ணி வேணும், கரி வேணும். இந்த மூன்றும் போகாத இடத்துக்கு அதுவும் போகாது.

டீசல் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. ருடோல்ஃப் டீசலின் எஞ்சினை 1897இல் சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் கால்வாசி வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே கஷ்டப்பட்டன. 1931இல் கட்டர்பில்லர் கம்பனி, டீசலில் ஓடுகிற தன் முதல் சங்கிலிச் சக்கர ட்ராக்டரை வெளியிட்டது. பிறகென்ன, சில பீப்பாய் எண்ணெய் இருந்தால் காடு, மலை எங்கும் போகலாம். ஒரே அளவு வேலைக்கு எரிபொருள் குறைவு என்ற கணக்கில் பார்த்தால், டீசல் தன் காலத்தில் ஒரு முன்னேற்றம்தான். ஆனால் வேலை மலிவானதும் வேலை கூடிப்போச்சு. முந்தி நினைச்சும் பார்க்க ஏலாத மலைகளை வெட்டத் தொடங்கினார்கள். சிக்கனமான எஞ்சின் வந்ததால் மொத்தப் புகை குறையவில்லை. இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இலங்கையில் இந்த இயந்திர யுகத்தின் பெரிய அடையாளம் கல்லோயா. 1949இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு இங்கினியாகலையில் அணை கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. மண்வெட்டியாலும் கூடையாலும் குளம் கட்டின நாட்டில், பெரிய பெரிய இயந்திரங்கள் சில வருடங்களில் ஒரு கடலையே உருவாக்கின. அந்தத் திட்டத்தின் குடியேற்றப் பகுதியில் 1956இல் தமிழர்கள் மேல் நடந்த வன்முறையையும் நாங்கள் மறக்கேலாது. ஒரு இயந்திரம் எதை எரிக்குது என்பதோடு, யாருக்காக, எதுக்காக மண்ணைத் தள்ளுது என்பதையும் கேட்கவேணும் என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான்.

"சரி, எல்லாத்தையும் மின்சாரத்துக்கு மாத்தினால் முடிஞ்சுதே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஜேர்மனியின் பாகர் 288 பற்றி வாசிக்கும் வரை.

1978இல் குருப் கம்பனி கட்டி முடித்த அந்த இயந்திரத்தின் நிறை ஏறத்தாழ 13,500 தொன். உயரம் 96 மீற்றர். ஒரு நாளைக்கு 240,000 தொன் நிலக்கரி வெட்டக்கூடியது. 2001இல் அதை ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு 22 கிலோமீற்றர் நகர்த்த மூன்று கிழமை எடுத்தது. இந்தப் பூதம் வேலை செய்வது டீசலில் இல்லை, முழுக்க மின்சாரத்தில்! வெளியிலிருந்து கேபிளில் வரும் 16 மெகாவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் அதுக்கு வேணும். மின்சாரக் கார் பற்றி யாரும் கதைக்காத காலத்திலேயே இது நடந்திருக்கு.

ஆனால் அது வெட்டுவது பழுப்பு நிலக்கரி. அதில் ஒரு தொன்னை எரித்தால் ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். 2023 ஜனவரியில், அதே கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தைப் பெருப்பிக்க லூட்செராத் என்ற கிராமத்தை இடிக்க வந்தபோது, ஆயிரக்கணக்கான இளம் ஆக்கள் சேற்றில் நின்று எதிர்த்தார்கள். இயந்திரம் எதில் ஓடுது என்பது அங்கே பிரச்சினையே இல்லை. என்னத்தை வெட்டுது என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு பக்கமும் இருக்கு: இயந்திரம் பிறக்கும்போதே வருகிற புகை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 20 தொன் நிறையுள்ள ஒரு மண் வெட்டும் இயந்திரத்தில் பெரும்பகுதி உருக்கு. நிலக்கரி போட்டு ஊதுலையில் ஒரு தொன் உருக்குச் செய்ய ஏறத்தாழ 2 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். அப்படியெண்டால் உருக்குக்கு மட்டும் 40 தொன் வரை. அதே இயந்திரம் மணிக்கு 15 லீற்றர் டீசல் குடித்து நாளைக்கு 8 மணித்தியாலம் ஓடினால் 120 லீற்றர். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ என்றால் நாளொன்றுக்கு 320 கிலோ. நாலு மாத வேலையில் பிறப்பின் புகையைத் தாண்டிவிடும். மிச்ச ஆயுள் முழுக்க டீசல் கணக்குத்தான். ஆக, பாவனையில்தான் பெரிய பங்கு. ஆனால் நாளைக்கு அது சுத்தமான மின்சாரத்தில் ஓடத் தொடங்கினால், மிஞ்சி நிற்கப்போவது உருக்கின் புகை.

சுவீடன்காரர் கைவைத்தது அந்த உருக்கில்தான். இரும்புத்தாதுவில் இருக்கிற ஒட்சிசனைப் பிரிக்கத்தான் கற்கரி போடுகிறார்கள். அந்த ஒட்சிசனும் காபனும் சேர்ந்துதான் காபனீரொட்சைட்டு. கரிக்குப் பதிலாக ஐதரசனைப் பாவித்தால் வெளியே வருவது தண்ணீர். 2016இல் ஒரு உருக்குக் கம்பனி, ஒரு சுரங்கக் கம்பனி, ஒரு மின்சாரக் கம்பனி மூன்றும் சேர்ந்து 'ஹைபிரிட்' என்ற பெயரில் இந்த முயற்சியைத் தொடங்கின. 2020இல் லூலியோ நகரில் சோதனை ஆலை திறக்கப்பட்டது. 2021இல் அந்த உருக்கில் செய்த முதல் சுமைவண்டியை வொல்வோ கம்பனி காட்டியது. ஐதரசனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவும் ஏராளம் மின்சாரம் வேணும். அதுவும் கரியில் வந்தால் எல்லாம் வீண்.

பாவனையில் கைவைத்தது நோர்வேயின் ஒஸ்லோ நகரசபை. 2019இல் நகரத்தின் நடுவில் ஒரு வீதியைத் திருத்தும் வேலையை முழுக்க மின்சார இயந்திரங்களால் செய்வித்தார்கள். அப்போது அப்படியான பெரிய இயந்திரங்களைக் கடையில் வாங்க ஏலாது; டீசல் எஞ்சினைக் கழற்றி பற்றரி பூட்டித்தான் கொண்டுவந்தார்கள். கம்பனிகள் தாங்களாக மனம் மாறி வரவில்லை. கேள்விப்பத்திரத்தில் நகரசபை அப்படிக் கேட்டது, அதனால் வந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் நகரசபையின் கட்டுமான வேலைகள் எல்லாத்துக்கும் அது நிபந்தனை. நோர்வேயின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின். பாகர் 288க்கும் ஒஸ்லோவின் இயந்திரத்துக்கும் வித்தியாசம் இதுதான். அதே நோர்வே எண்ணெய் விற்றுத்தான் பணக்கார நாடானது என்பதையும் சொல்லாமல் விடேலாது.

இப்ப எங்கட ஒழுங்கைக்குத் திரும்பி வருவோம். இங்கே ஓடுகிற இயந்திரங்களில் கனக்க, வெளிநாட்டில் பாவிச்சு முடிச்சு வந்தவை. பணக்கார நகரங்கள் டீசலைக் கைவிடும்போது அந்தப் பழைய இயந்திரங்கள் எங்கே போகும்? எங்கட மாதிரி நாடுகளுக்குத்தான் வரும் என்பது என் பயம். மின்சாரத்துக்கு மாறினாலும், மழை இல்லாத மாதங்களில் நுரைச்சோலை நிலக்கரியைத்தான் கூட நம்பவேண்டியிருக்கு. எண்ணெயில் மின்சாரம் எடுத்ததன் விலையை, சுன்னாகத்தில் கிணத்துத் தண்ணியில் எண்ணெய் கண்ட சனத்திடம் கேட்டால் சொல்லும்.

அதுக்காகச் சும்மா இருக்கத் தேவையில்லை. கல் உடைக்கிற ஆலை ஒரே இடத்தில் நிற்கிறது. முதலில் கம்பி மின்சாரத்துக்கு மாறக்கூடியது அதுதான். சாப்பாட்டு நேரத்தில் எஞ்சினை நிப்பாட்டக் காசே தேவையில்லை. பிரதேச சபையும் ஒஸ்லோ மாதிரிக் கேள்விப்பத்திரம் போடுகிற ஒரு சபைதான். பற்றரி இயந்திரம் கேட்க இன்று ஏலாது. எத்தனை லீற்றர் டீசல் எரிக்கப்போகிறீர்கள் என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்கலாம்தானே?

கிழமைகள் கழித்து டீசல் வந்து, அந்தப் பெக்கோ வாய்க்காலை வெட்டி முடித்தது. மாரிக்கு வெள்ளம் அதால்தான் ஓடுது. பெக்கோவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்தமுறை உங்கட ஊருக்கு ஒன்று வந்தால், சாரதி அண்ணையிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் அடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கோ. அவர் சொல்லும் லீற்றரை 2.7ஆல் பெருக்குங்கோ. பிறகு அது எதுக்காக வெட்டுது எண்டும் கேளுங்கோ.