நாய்களுக்கான புரோபயாட்டிக்குகள்

நாய்களுக்கான புரோபயாட்டிக்குகள் என்பவை, நாய்களின் குடல் நலம் கருதி உணவுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். சில ஈஸ்ட் வகையைச் சேர்ந்தவை. தூள், மாத்திரை, உறைமாத்திரை, பசை ஆகிய வடிவங்களில் இவை விற்கப்படுகின்றன. அடிக்கடி வயிற்றுப்போக்கு, வாந்தி, வாயுத்தொல்லை ஆகியவற்றுக்கு உள்ளாகும் நாய்களுக்கே இவை பெரிதும் கொடுக்கப்படுகின்றன. ஒரு புரோபயாட்டிக் பயன் தருமா என்பது அதிலுள்ள நுண்ணுயிரின் திரிபு, உயிருடன் உள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை, நாய்க்கு உள்ள நோய் ஆகிய மூன்றையும் பொறுத்தது. இவை உணவு மாற்றத்துக்கும் நோயறிதலுக்கும் துணையாகுமே தவிர, அவற்றுக்கு மாற்றாக மாட்டா.

பொருளடக்கம்
1 வரையறையும் வரலாறும்
2 எளிதில் கெடும் வயிறு
3 நாயின் குடல் நுண்ணுயிர்கள்
4 பயன்படுத்தப்படும் நுண்ணுயிர்கள்
5 ஆய்வு முடிவுகள்
6 தேர்ந்தெடுக்கும் முறை
7 கொடுக்கும் முறை
8 தயிர்
9 எச்சரிக்கைகள்
10 இவற்றையும் பார்க்க

வரையறையும் வரலாறும்

போதிய அளவில் கொடுக்கப்படும்போது, ஏற்கும் உயிரிக்கு நலம் பயக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக்குகள் என உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001ஆம் ஆண்டில் வரையறுத்தது. இவ்வரையறையின்படி நுண்ணுயிர் உயிருடன் இருத்தல் வேண்டும். எண்ணிக்கை போதியதாக இருத்தல் வேண்டும். நலம் விளைவது காட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் உடல்நலம் காக்கும் என்னும் கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் உருசிய அறிவியலாளர் எலி மெச்னிகோவ். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக இவர் 1908இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். இன்று கால்நடை மருத்துவத்தில் புரோபயாட்டிக்குகள் கோழி, பன்றி, மாடு ஆகியவற்றுக்கும் நாய், பூனை போன்ற வளர்ப்பு விலங்குகளுக்கும் கொடுக்கப்படுகின்றன.

எளிதில் கெடும் வயிறு

"எளிதில் கெடும் வயிறு" என்பது ஒரு நோயின் பெயர் அன்று. வளர்ப்பவர்கள் காணும் அறிகுறிகளின் தொகுப்பையே இச்சொல் குறிக்கிறது. இதன் பின்னால் பல காரணங்கள் இருக்கக்கூடும்:

* திடீர் உணவு மாற்றம், குப்பையில் கிடப்பதை உண்ணல், கொழுப்பு மிகுந்த உணவு
* உணவு ஒவ்வாமை அல்லது உணவு ஏலாமை
* கொக்கிப்புழு, உருளைப்புழு, சாட்டைப்புழு முதலிய குடற்புழுக்கள்; ஜியார்டியா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகள்
* பார்வோ வைரஸ் முதலான தொற்றுகள்
* கணைய அழற்சி, கணைய நொதிக் குறைபாடு
* அடிசன் நோய் எனப்படும் அண்ணீரகச் சுரப்புக் குறைபாடு
* மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட குடல் நோய்கள்

இவற்றுள் குடற்புழுவையோ கணைய நொதிக் குறைபாட்டையோ புரோபயாட்டிக் குணப்படுத்தாது. எனவே தொல்லை மீண்டும் மீண்டும் வருமாயின் முதலில் மலப் பரிசோதனையும், தேவைப்படின் இரத்தப் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. நாட்பட்ட குடல் நோயுள்ள நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவை தகுந்த உணவு மாற்றத்தால் மட்டுமே தேறுகின்றன. அவ்வாறு தேறுபவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே முன்னேற்றம் தெரியும்.

நாயின் குடல் நுண்ணுயிர்கள்

நாயின் சிறுகுடலின் மேற்பகுதியில் நுண்ணுயிர்கள் குறைவு. பெருங்குடலிலோ ஒரு கிராம் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. இவை நார்ப்பொருளை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. பெருங்குடல் உயிரணுக்களுக்கு இவ்வமிலங்களே முதன்மையான எரிபொருள் ஆகும்.

பெப்டசெட்டோபாக்டர் ஹிரனோனிஸ் (முன்னைய பெயர் கிளாஸ்டிரிடியம் ஹிரனோனிஸ்) என்னும் பாக்டீரியா முதல்நிலைப் பித்த அமிலங்களை இரண்டாம்நிலைப் பித்த அமிலங்களாக மாற்றுகிறது. இம்மாற்றம் தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் பெருகாமல் தடுக்க உதவுகிறது. நாட்பட்ட குடல் நோயுள்ள பல நாய்களிலும், மெட்ரோனிடசோல் போன்ற எதிருயிரி மருந்து உட்கொண்ட நாய்களிலும் இந்தப் பாக்டீரியா குறைந்து காணப்படுகிறது. நலமாக உள்ள நாய்களுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்து ஆராய்ந்தபோது, மருந்தை நிறுத்தி நான்கு வாரங்கள் கடந்த பின்னும் சிலவற்றின் குடல் நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதனால், சாதாரண வயிற்றுப்போக்குக்கு உடனே எதிருயிரி மருந்து கொடுக்கும் வழக்கத்தைக் கால்நடை மருத்துவம் கைவிட்டு வருகிறது.

வழக்கமான புரோபயாட்டிக் பொருட்களில் உள்ள லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் முதலியவை மேற்கூறிய பாக்டீரியாவின் இடத்தை நிரப்புபவை அல்ல. அவை குடலில் நிலையாகக் குடியேறுவதும் அரிது; கொடுப்பதை நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ மலத்திலிருந்து மறைந்து விடுகின்றன. குடலைக் கடந்து செல்லும் காலத்தில் அமிலங்களைச் சுரத்தல், தீய பாக்டீரியாக்களுடன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடல், குடற்சுவரின் நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தூண்டல் ஆகிய வழிகளில் அவை செயற்படுகின்றன.

பயன்படுத்தப்படும் நுண்ணுயிர்கள்

* என்டரோகாக்கஸ் ஃபீசியம்: நாய்ப் பொருட்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது. இதன் எஸ்.எஃப்.68 என்னும் திரிபு பியூரினா நிறுவனத்தின் ஃபோர்ட்டிஃபுளோரா தூளில் உள்ளது.
* பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ்: இதன் ஏ.எச்.சி.7 என்னும் திரிபு நாயின் குடலிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது.
* லாக்டோபேசில்லஸ் குழு: அசிடோஃபிலஸ், ராம்னோசஸ், ரியூட்டெரி முதலிய இனங்கள். 2020இல் இப்பேரினம் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் எனவும் அச்சிடப்படுகிறது. இரண்டும் ஒன்றே.
* பேசில்லஸ் இனங்கள்: இவை வித்துகளாக உறங்குநிலையில் இருப்பதால் வெப்பத்தையும் இரைப்பை அமிலத்தையும் தாங்கும்.
* சாக்கரோமைசஸ் போலார்டி: இது ஓர் ஈஸ்ட். பாக்டீரியாக்களை அழிக்கும் எதிருயிரி மருந்துகள் இதனை அழிப்பதில்லை. பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்றி போலார்டு 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்.

ஆய்வு முடிவுகள்

திடீரென ஏற்பட்ட, காரணம் அறியப்படாத வயிற்றுப்போக்குள்ள நாய்களில் ஏ.எச்.சி.7 திரிபு ஆராயப்பட்டு, முடிவுகள் 2009இல் வெளியாயின. இத்திரிபைப் பெற்றவை சராசரியாக 3.9 நாட்களிலும், வெற்று மருந்தைப் பெற்றவை 6.6 நாட்களிலும் தேறின. எஸ்.எஃப்.68 திரிபை விலங்குக் காப்பகம் ஒன்றில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் பூனைகளிடம் பயன் தெரிந்தது. நாய்களிடம் வேறுபாடு புலப்படவில்லை. அக்காப்பக நாய்களில் வயிற்றுப்போக்கே அரிதாக இருந்தது அதற்கு ஒரு காரணம்.

குடல் அழற்சி நோயுள்ள 20 நாய்களில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், 10 நாய்களுக்கு எட்டுத் திரிபுகள் கொண்ட வி.எஸ்.எல்.3 கலவையும், 10 நாய்களுக்குப் பிரெட்னிசோன், மெட்ரோனிடசோல் மருந்துகளும் 60 நாட்கள் கொடுக்கப்பட்டன. இரு குழுக்களும் முன்னேற்றம் கண்டன. மருந்துக் குழு விரைவில் தேறியது. உணவு மாற்றத்தால் தேறக்கூடிய குடல் நோயுள்ள நாய்களில், உணவு மாற்றத்துடன் என்டரோகாக்கஸையும் சேர்த்துக் கொடுத்த சிறு ஆய்வொன்றில் (2015) கூடுதல் பயன் காணப்படவில்லை.

2019இல் வெளியான முறைசார் மீளாய்வு ஒன்று அதுவரை நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. திடீர் வயிற்றுக் கோளாறுகளில் புரோபயாட்டிக்குகளின் பயன் மிகச் சிறிது என்றும், நாட்பட்டவற்றில் உணவு மாற்றமே முதன்மையான சிகிச்சை என்றும் அது முடிவு கூறியது. ஆய்வுகள் பலவும் சிறியவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு திரிபையும் அளவையும் பயன்படுத்தியவை. ஆகவே ஒரு திரிபுக்குக் கிடைத்த முடிவை மற்றொன்றுக்குப் பொருத்துதல் தவறாகும்.

தேர்ந்தெடுக்கும் முறை

கனடாவில் விற்கப்பட்ட 25 புரோபயாட்டிக் பொருட்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், சரியான பெயர்ச்சீட்டும் கூறப்பட்ட அளவு உயிருள்ள நுண்ணுயிர்களும் கொண்டவை 2 மட்டுமே எனத் தெரியவந்தது. பல சீட்டுகளில் நுண்ணுயிரின் பெயரே பிழையாக அச்சிடப்பட்டிருந்தது. எனவே வாங்குமுன் பெயர்ச்சீட்டில் பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

1. முழுப் பெயர்: பேரினம், இனம், திரிபு மூன்றும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். திரிபு பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக இருக்கும். "நல்ல பாக்டீரியாக்கள் அடங்கியது" என்று மட்டும் இருந்தால் அப்பொருளை மதிப்பிட வழியில்லை.
2. உயிருள்ள எண்ணிக்கை: இது "குழு உருவாக்கும் அலகு" (சுருக்கமாக சி.எஃப்.யு.) என்னும் அலகில் தரப்படும். தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையை விடக் காலாவதி நாள்வரை உறுதி கூறப்படும் எண்ணிக்கையே பயனுள்ளது.
3. காலாவதி நாளும் சேமிப்பு முறையும்: குளிர்பதனப் பெட்டியில் வைக்கவேண்டிய பொருள் கடையில் வெளியே வைக்கப்பட்டிருந்தால் அதனைத் தவிர்ப்பது நன்று. வெப்ப நாடுகளில், அஞ்சலில் பல நாட்கள் பயணித்து வரும் பொருட்களுக்கும் இது பொருந்தும்.
4. நாய்களில் ஆராயப்பட்டதா என்பது: அதே திரிபு, அதே அளவில், அதே வகை நோய்க்கு ஆராயப்பட்டிருந்தால் மட்டுமே அம்முடிவு பொருந்தும்.
5. பிற சேர்மானங்கள்: சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்களுக்கு நஞ்சு, மனிதர்களுக்கான சில மெல்லும் மாத்திரைகளில் இது சேர்க்கப்படுகிறது. சுவைக்காகச் சேர்க்கப்படும் கோழி, மாட்டிறைச்சி, பால் புரதங்கள் உணவு ஒவ்வாமையுள்ள நாய்க்குத் தொல்லை தரக்கூடும்.

எண்ணிக்கை மிகுந்த பொருளே சிறந்தது எனக் கொள்ள இயலாது. ஃபோர்ட்டிஃபுளோராவின் 1 கிராம் பொட்டலத்தில் 10 கோடி நுண்ணுயிர்கள் உறுதி கூறப்படுகின்றன; வி.எஸ்.எல்.3 வகைக் கலவையின் ஓர் உறைமாத்திரையில் 11,250 கோடி உள்ளன. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு தரத்தைக் காட்டுவதன்று. அவை வெவ்வேறு நுண்ணுயிர்களைக் கொண்டு வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவானவை. திரிபுகளின் எண்ணிக்கைக்கும் இதுவே பொருந்தும்.

கொடுக்கும் முறை

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது அடிப்படை விதி. புதிய உணவையும் புரோபயாட்டிக்கையும் ஒரே நாளில் தொடங்கினால் எது பயன் தந்தது அல்லது எது தொல்லை தந்தது என அறிய முடியாது. உணவு மாற்றம் ஏறத்தாழ ஏழு நாட்களில், பழைய உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் செய்யப்படுகிறது.

தூளைச் சூடான உணவில் கலத்தல் கூடாது. வெப்பம் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். எதிருயிரி மருந்து கொடுக்கப்படும் நாட்களில் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது வழக்கம். முதல் சில நாட்களில் வாயு மிகுதல், மலம் சற்று இளகுதல் ஆகியவை நேரலாம். இவை மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பயனை மதிப்பிட மலத்தின் நிலையை நாள்தோறும் குறித்து வைத்தல் உதவும். கால்நடை மருத்துவர்கள் 1 முதல் 7 வரையான மதிப்பீட்டு அளவைப் பயன்படுத்துகின்றனர்; 1 மிகக் கடினமான மலத்தையும் 7 நீர்போன்ற மலத்தையும் குறிக்கும். நாட்பட்ட தொல்லைக்கு நான்கு வாரங்கள் கொடுத்தும் மாற்றம் தெரியாவிடில் அதே பொருளைத் தொடர்வதில் பொருளில்லை. பெருங்குடல் சார்ந்த வயிற்றுப்போக்குள்ள நாய்கள் சிலவற்றுக்கு இசப்கோல் உமி போன்ற கரையும் நார்ப்பொருள் நல்ல பயன் தருகிறது.

தயிர்

தமிழ்நாட்டில் வயிறு கெட்ட நாய்க்குத் தயிர்ச்சோறு கொடுக்கும் வழக்கம் உண்டு. தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உள்ளன. பால் புளிக்கும்போது பால்வெல்லமும் ஓரளவு குறைகிறது. பாலை ஏற்காத நாய்கள் பலவும் சிறிதளவு தயிரை ஏற்பது இதனாலேயே. ஆயினும் வீட்டுத் தயிரில் எத்திரிபு, எவ்வளவு உள்ளது என்பது உறைக்கு உறை மாறும். எனவே அதனை உணவாகக் கொள்ளலாமே அன்றிச் சிகிச்சையாகக் கொள்ள இயலாது. கொடுப்பதாயின் உப்பும் மிளகாயும் தாளிப்பும் சேராத வெறுந்தயிராக இருத்தல் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பால்பொருள் ஒவ்வாமையுள்ள நாய்க்குத் தயிரும் ஆகாது.

எச்சரிக்கைகள்

புரோபயாட்டிக்கோ தயிரோ கொடுத்துக் காத்திருப்பதால் நேரும் காலத்தாழ்ச்சியே இதிலுள்ள பெரிய இடர் ஆகும். தடுப்பூசி முழுமையாகப் போடப்படாத குட்டி உணவை மறுத்து, சோர்ந்து, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டால் முதலில் பார்வோ வைரஸ் நோயையே ஐயுற வேண்டும். 1978இல் உலகெங்கும் பரவிய இந்நோயில் சிகிச்சை பெறாத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்து விடுகின்றன. காலத்தில் நீரேற்றமும் தீவிர சிகிச்சையும் பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் வீட்டு முயற்சியை விடுத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்:

* மலத்திலோ வாந்தியிலோ இரத்தம். தார்போன்ற கரிய மலம்
* தொடர்ந்த வாந்தி, தண்ணீரும் தங்காமை
* ஈறு வெளிறுதல், மிகுந்த சோர்வு, காய்ச்சல்
* வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டுதல்
* எடை குறைதல். மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு

நலமான நாய்களுக்குப் புரோபயாட்டிக்குகள் பொதுவாகத் தீங்கற்றவை. எதிர்ப்பாற்றல் குன்றிய நாய்களுக்கும் கடுமையான கணைய அழற்சியுள்ள நாய்களுக்கும் மருத்துவர் அறிவுரையின்றிக் கொடுத்தல் கூடாது. கடுமையான கணைய அழற்சியுள்ள மனிதர்களில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், புரோபயாட்டிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். இது நாய்களில் நடந்த ஆய்வு அன்று எனினும், உயிருள்ள நுண்ணுயிர்கள் எல்லா நோயாளிகளுக்கும் தீங்கற்றவை எனக் கொள்ளக் கூடாது என்பதை உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* பார்வோ வைரஸ்
* குடற்புழு
* தயிர்
* எதிருயிரி