நிலத்துக்கொரு பறை

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்து எண்ணுகிறது. நிலத்துக்கொரு பறை என்பது நம் முன்னோர் கொள்கை. கணினியில் இசையமைக்கும் இன்றைய இளைஞர்க்கு எந்த நிலத்துப் பறை வாய்க்கிறது?

அமெரிக்கரான ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 என்னும் தாளப்பொறி, மெய்யான டிரம் ஒலிகளை எண்முறையில் பதிந்து இசைத்தது. விலை 4,995 டாலர். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே அது எட்டியது. அப்பொறியின் பணியைப் பின்னர் மென்பொருள்கள் ஏற்றன. அலெஸாண்ட்ரோ கொமினு தொடங்கிய ஹைட்ரஜன், இன்று காசில்லாமலே யாவர்க்கும் கிடைக்கிறது.

விலைத்தடை நீங்கிற்று, வேறொரு தடை எஞ்சியது. 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொதுத்தரம் 47 தாளவொலிகளுக்கு எண் தந்தது. பாங்கோ, காங்கா, பிரேசிலின் கூய்க்கா எல்லாம் அதில் உண்டு. மிருதங்கமோ தபேலாவோ இல்லை. அதே தரத்தின் 128 இசைக்கருவிகளுள் சிதாரும் ஷெனாயும் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. நம் நரம்பும் துளையும் உள்ளே நுழைந்தன. தோல் மட்டும் வாயிலில் நின்றது. இலவச மென்பொருள்கள் பலவும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக மேல்மலையனூர் செல்வோர் அமாவாசை இரவில் கேட்பதோ பம்பையும் உடுக்கையும். பம்பை, ஒன்றாகப் பிணைத்த இரு முழவுகள். உடுக்கையின் இடைக்கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒற்றை ஒலிப்பதிவில் அடங்காத கருவி அது.

இவ்விடத்தில்தான் இலவசத்துக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். விலையின்றிக் கிடைப்பன எல்லாம் நாம் திருத்திக்கொள்ளக் கூடியன அல்ல. கட்டற்ற மென்பொருளில் அவ்வுரிமை நமக்குண்டு. ஹைட்ரஜனில் ஒரு தாளக்கருவித் தொகுதி என்பது சில ஒலிக்கோப்புகளும் அவற்றின் பட்டியலும் மட்டுமே. மெல்லடி, வல்லடி, அழுத்திய அடி, தளர்ந்த அடி எனத் தனித்தனியே பதிந்து சேர்த்தால் உடுக்கையும் ஓரளவேனும் அதனுள் அமரும். விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று ஊரக மாணவர்க்கு இவ்வகை மென்பொருள்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஆகவே கருவியும் கலைஞரும் கணினி அறிந்த இளைஞரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றனர்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். தொகுதி இலவசமாகலாம், அதற்காக வாசிப்பவரின் உழைப்பு இலவசமாகலாகாது. பம்பைக் கலைஞரின் இசைவு பெற்று, ஊதியம் அளித்து, அவர் பெயரையும் ஊரையும் தொகுதியிலேயே பொறிக்கவேண்டும். அப்போதுதான் அதில் ஒலிப்பது இந்நிலத்தின் பறை எனலாம்.