கேனரிக் குருவியும் மங்கோலிய ஜெர்பிலும்

15ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கைப்பற்றிய கேனரித் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த கேனரிக் குருவி, பாட்டுக்காகவே கூண்டில் பேணப்பட்டு, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டதால், இன்று அதை அறியாதவர் அரிது. மங்கோலியாவின் வறண்ட நிலங்களில் வளை தோண்டி வாழும் ஜெர்பில் என்னும் கொறிக்கும் விலங்கோ, 1866இல் ஆர்மான் தாவீது என்ற பாதிரியார் பாரிசுக்கு அனுப்பிய பின்னரே ஐரோப்பிய அறிவியலுக்குத் தெரியவந்தது. 1954இல்தான் அது அமெரிக்க ஆய்வுக்கூடங்களை எட்டியது.

பின்னர் இரண்டையும் மனிதர் தம் பணிகளுக்கு நாடியதற்கு அவற்றின் உடலமைப்பே காரணம். நிறமும் மணமும் அற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு, வேகமாக மூச்சுவிடும் குருவியை மனிதருக்கு முன்பே மயக்கிவிடும் என்பதால், ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞரின் யோசனைப்படி பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் அது கொண்டுசெல்லப்பட்டது. தன் எச்சரிக்கையால் உயிர்களைக் காத்த குருவியைத் தெளிவிப்பதற்கென்றே சில கூண்டுகளின் மேல் சிறிய ஆக்சிஜன் உருளையைப் பொருத்தியிருந்தனர் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. ஜெர்பிலின் மூளை அடியில் இரத்தக் குழாய்களை இணைக்கும் வளையம் பெரும்பாலும் முழுமை பெறாததால், பக்கவாத ஆய்வுக்கு அது பெரிதும் உதவியது. அந்த உதவி ஆய்வேடுகளுக்கு வெளியே பேசப்படாமலிருப்பது நியாயமன்று.

மின்னணுக் கருவிகள் வந்தபின், 1986இல் குருவிகளைச் சுரங்கப் பணியிலிருந்து விடுவிக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஜெர்பில் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்படுகிறது.