பெரியப்பாவின் ஹெரால்டும் பாய் ஊற்றிய ஆயிலும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் 1988ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இங்கிலாந்திலிருந்து வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தான். பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே சக்கரங்களைக் கழற்றிப் போட்டிருக்கிறான். சஸ்பென்ஷன், பிரேக் வேலையெல்லாம் லீவு நாளில் அவனே பார்க்கிறானாம். "வரலாற்று சாருக்கு இது புரியாது, சும்மா பாருங்க" என்று ஒரு வரி வேறு. அடேய், அந்த முன்சக்கரத்து எலும்புக்கூடு எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம்! நாகல்நகரில் எங்கள் பெரியப்பா வீட்டு வாசலில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் அதே கால்கள்தான்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. வேறு வழியின்றிப் பழைய முறைக்கே போனார்கள்: கீழே தனிச் சேஸிஸ், மேலே போல்ட் போட்டு மாட்டும் பாடி. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959இல் ஹெரால்டு பிறந்தது. அந்தச் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் பாடியை ஏற்றி 1962இல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர்.

இங்கே சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு செய்தது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அரசு கதவடைத்த காலம். அம்பாசடர், பியட், ஹெரால்டு, இந்த மூன்றுக்குள்தான் நாடே ஓடியது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வழியில்லாத ஊரில், ஸ்போர்ட்ஸ் காரின் காலும் இடுப்பும் கொண்ட குடும்பக் கார் கிடைத்தது. சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது அதனால்தான்.

வீட்டில் வைத்து வேலை பார்க்க அதைப்போல் வண்டி கிடையாது. பானட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மூஞ்சி முழுக்க முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் கை வைக்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் சந்துக்கு அது பெரிய வரம்.

பின்பக்கம்தான் வில்லங்கம். குறுக்கே ஒரே பட்டை வில், இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஆக்ஸில். புகையிலைச் சிப்பமும் ஆறு பேரும் ஏறினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, சுமை தாங்காத மாடு கால் அகட்டி நிற்பது போல நிற்கும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இங்கிலாந்தில் 1970 ஸ்பிட்ஃபயரில் அந்த வில்லை மாற்றி அமைத்துச் சரிசெய்தார்கள். சென்னைக்காரர்கள் இன்னும் நேரடியாக, 1972இல் வந்த கெஸலில் சாதாரண ஒற்றை ஆக்ஸிலையே மாட்டிவிட்டார்கள். நம் ரோட்டுக்கு அதுதான் சரி என்பது என் கட்சி.

பிரேக் வேலைக்கு வீட்டில் இரண்டு பேர் வேண்டும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் சூடேறி, ஈரம் இழுத்த பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அமுங்கத்தானே செய்யும்? பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் மலை ஏறுவதற்கு முன் பெரியம்மா சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார், நான் கண்ணாடி பாட்டிலில் ரப்பர் குழாயை விட்டுக் குமிழி நிற்கும்வரை பார்ப்பேன். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான இடது பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும். 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கெர்லிங்கும் சேர்ந்து சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கின. நாட்டின் பிரேக் தொழிலில் சென்னைக்குப் பெரிய இடம் கிடைத்தது அதன் பிறகுதான்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேகம்பூர் மெக்கானிக் பாய். உறவுகளே, இனி உங்களுக்குத்தான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. பாய் அதற்கு கிரீஸ் வைக்கமாட்டார். கன்னில் 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி அடிப்பார். ஒழுகி வாசலெல்லாம் கறை. கிரீஸ் வாங்கக் கஞ்சத்தனம் என்று நினைத்த பட்டதாரி நான், அவரிடம் சொல்லாமல் இரண்டு வருஷம் நானே கிரீஸ் அடித்தேன். கிரீஸ் காய்ந்து கட்டியானால் மரைக்குள் ஏறாது, தண்ணீர் புகும், தண்டு துருப்பிடித்து அரிக்கும். ஒரு கார்த்திகை மழையில், சந்துக்குள் முழுக்கத் திருப்பிய நேரம், தண்டு முறிந்து இடது முன்சக்கரம் மடிந்து வண்டி மூக்கில் விழுந்தது. உள்ளே பெரியம்மாவும் இரண்டு குழந்தைகளும். மெதுவாகப் போனதால் தப்பித்தோம்.

பெரியப்பா பாயை வரவழைத்துத் தெருவில் வைத்துத் திட்டினார். பாய் முறிந்த தண்டைக் கையில் எடுத்து, மரையிலிருந்த கிரீஸை விரலால் வழித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "சரிங்க முதலாளி" என்றார். அதோடு எங்கள் வாசலுக்கு அவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து டேஷ்போர்டு பெட்டியில் கிடந்த கம்பெனிக் கையேட்டைப் புரட்டினேன். கியர் ஆயில் என்றே போட்டிருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பாய் இப்போது இல்லை, பெரியப்பாவும் இல்லை. நம் வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் "பாய் கவிழ்த்த கார்" என்று சொல்லிச் சிரிக்கிறோம். கவிழ்த்தது நான்.

படம் அனுப்பிய மாணவனுக்கு நேற்று இரவே பதில் போட்டுவிட்டேன்: "கீழ் ட்ரன்னியனுக்கு ஆயில்தான்டா. கிரீஸ் கன்னை அதன் பக்கமே கொண்டு போகாதே."